சொல்லின் பின்வரும் துணை: ஏ. எஸ். ஹார்ன்பி வரலாறு

ஆக்ஸ்போர்டு அகராதி என்னும் பெயரைக் கேட்டிராத கல்லூரி மாணவர் இரார். அதன் மேலட்டையில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த ஹார்ன்பி என்னும் பெயரை நின்று படித்தவர் மிகச் சிலரே. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஓர் ஆங்கில ஆசிரியரின் வரலாறு எதற்கு என்று மூத்தோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் அப்பெருமகனார் பதினெட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தது ஆங்கிலேயர்க்கு அன்று. நம்மைப் போலவே வினைமுற்றை வாக்கியத்தின் இறுதியில் வைத்துப் பேசும் ஒரு மக்களுக்கு. அவ்வகுப்பறை அனுபவத்தினின்று கிளைத்த அகராதியே இன்று நம் மாணவர் கையில் இருப்பது. ஆகவே அவர் வரலாற்றில் தமிழ் ஆசிரியனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றார். 1924ஆம் ஆண்டு சப்பான் நாட்டின் தென்பகுதியில் உள்ள கியூஷூ தீவிற்குச் சென்று, ஓய்ட்டா நகரத்து உயர் வணிகப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். அவரை அழைத்தது ஆங்கில இலக்கியம் கற்பிப்பதற்காக. அவரோ விரைவிலேயே இலக்கியத்தினும் மொழி கற்பிக்கும் முறையின்பால் உள்ளம் செலுத்தலானார். இம்மாற்றத்தை இலக்கிய ஆசிரியர்களாகிய நாம் குறைவாக எண்ணவேண்டுவதில்லை. வாக்கியம் விளங்காதவனுக்குக் காப்பியம் விளங்குவது எங்ஙனம்?

அக்காலத்தில் சப்பானில் ஆங்கிலக் கல்வியைச் சீர்செய்யும் பணியில் மற்றோர் ஆங்கிலேயர் ஈடுபட்டிருந்தார். அவர் ஹெரால்டு பாமர். 1922இல் சப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராக வந்த அவர், 1923இல் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வழங்கும் என்பதைத் திரட்டுவது அந்நிறுவனத்தின் பெரும்பணிகளுள் ஒன்று. ஹார்ன்பி அப்பணியில் இணைந்தார். பின்னர் டோக்கியோவிற்கே குடிபெயர்ந்தார். இத்திரட்டின் விளைவாகச் சொற்சேர்க்கை பற்றிய அறிக்கை ஒன்று 1933இல் வெளியாயிற்று. 1936இல் பாமர் தாயகம் திரும்பியபின் ஆய்வுப் பொறுப்பும் நிறுவனத்து இதழின் பொறுப்பும் ஹார்ன்பியின் தோள்மேல் விழுந்தன. அதன்பின் அவர் எடுத்துக்கொண்ட பணியே அகராதி. இ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்டு ஆகிய இருவர் உடனிருந்து உதவினர். இவர்களும் சப்பானில் ஆசிரியராய் இருந்தவர்களே.

அகராதிகள் அதற்கு முன்னரும் பல இருந்தன. அவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு ஆனவை. தாய்மொழியாளன் அகராதியைத் திறப்பது அரிய சொல்லின் பொருள் காண்பதற்கும் எழுத்துக் கூட்டலைச் சரிபார்ப்பதற்கும் ஆம். எளிய சொல்லை எங்ஙனம் வாக்கியத்தில் வைப்பது என்னும் ஐயம் அவனுக்கு எழாது. அயல்மொழியாளனுக்கோ அரிய சொல்லினும் எளிய சொல்லே பேரிடர். பொருள் தெரியும்; எழுத்தும் தெரியும்; அச்சொல்லை எழுதியபின் அடுத்து என்ன எழுதுவது என்பது தெரியாது. பேனா அவ்விடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் உதவுவதற்கென்றே ஹார்ன்பி தம் அகராதியை அமைத்தார். எண்ணத்தக்க பெயர் எது, எண்ணத்தகாத பெயர் எது என்று குறித்தார். வினைச்சொற்களை இருபத்தைந்து வாக்கிய அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அருகில் அது ஏற்கும் அமைப்பின் எண்ணைக் குறித்தார். ‘வாண்ட்’ என்னும் வினைக்குப் பின் ‘தட்’ என்று தொடங்கும் கிளைவாக்கியம் வாராது, ‘விஷ்’ என்னும் வினைக்குப் பின் வரும் என்பதை ஆங்கிலச் சிறுவன் எவரிடமும் கேட்டறிவதில்லை. நம் மாணவன் கேட்டே அறியவேண்டும். கேட்க ஆள் இல்லாதவன் அகராதியில் காணவேண்டும்.

வினைக்கு உள்ள இந்நியதி பெயர்க்கும் உண்டு. ஆங்கிலத்தில் செய்தி, நம்பிக்கை, ஐயம், அச்சம், எண்ணம், உண்மை முதலிய பொருள் தரும் பெயர்கள் தமக்குப் பின்னே ஒரு முழுக் கிளைவாக்கியத்தை ஏற்று நிற்கும். முன்னே ‘நியூஸ்’ என்னும் பெயர், பின்னே ‘தட்’, அதன்பின் அச்செய்தியின் உள்ளடக்கம். தமிழில் இம்முறை தலைகீழாகும். அவர் வந்தார் என்ற செய்தி என்போம். உள்ளடக்கம் முன்னே வரும். ‘என்ற’ என்பது நடுவில் நின்று இணைக்கும். செய்தி என்னும் பெயர் இறுதியில் நிற்கும். சப்பானிய மொழியிலும் இதே முறைதான். ‘தோ’ என்னும் இடைச்சொல்லும், சொல்லுதல் என்னும் பொருளுடைய ‘இயு’ என்னும் வினையும் கூடி நம் ‘என்ற’, ‘என்னும்’ என்பனவற்றின் தொழிலை அங்கே செய்கின்றன. நம் ‘என்’ என்னும் வினையடிக்கும் சொல்லுதலே பொருள் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வொற்றுமை வியப்பூட்டும். இதனைக் கொண்டு இருமொழியும் ஒரு குடும்பத்தன என்று சிலர் விரைந்து முடிவுகட்டுவர். அம்முடிவிற்கு இவ்வொன்று போதாது. ஆனால் ஓய்ட்டா நகரத்து மாணவன் ஆங்கிலத்தில் இடறிய இடமும் நம் மாணவன் இடறும் இடமும் ஒன்றே என்பதற்கு இது போதும்.

ஈண்டு நம் இலக்கணம் கூறுவதையும் சிறிது நோக்குவோம். தொல்காப்பியம் பத்து எச்சங்களுள் ஒன்றாக எனவென் எச்சத்தைக் கூறும். பெயரெச்சத்திற்கு நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என அறுவகைப் பொருளையும் அந்நூல் வகுத்துள்ளது. ‘நேற்று வந்த செய்தி’ என்றால் வந்தது செய்தியே, செய்தி வினைமுதல். ‘அவர் நேற்று வந்தார் என்ற செய்தி’ என்றால் வந்தவர் அவர். செய்தி வந்ததைப் பற்றிய பேச்சே இல்லை. இங்கே செய்தி அந்த ஆறு பொருளுள் எதனுள்ளும் எளிதில் அடங்குவதில்லை. அது தனக்கு முன்னுள்ள வாக்கியம் முழுவதற்கும் இட்ட பெயராக நிற்கிறது. இவ்விரண்டையும் தமிழ் வெவ்வேறு உருவத்தால் காட்டுகிறது: முன்னதில் பெயரெச்சம், பின்னதில் ‘என்ற’. ஆங்கிலத்திலோ இரண்டிடத்தும் அதே ‘தட்’ வந்து நிற்கும். வந்த செய்திக்கும் ‘நியூஸ் தட்’. வந்தார் என்ற செய்திக்கும் ‘நியூஸ் தட்’. பின்வரும் கிளைவாக்கியம் தன்னளவில் நிறைவுடையதா, ஓரிடம் வெறுமையாய் உள்ளதா என்று பார்த்தே வேறுபாடு உணரவேண்டும். முன்னதில் எழுவாயின் இடம் வெறுமை. அவ்விடத்தைச் செய்தி நிரப்புகிறது. பின்னதில் வெறுமை ஏதும் இல்லை. தமிழ் இலக்கணம் நன்கு அறிந்த மாணவனுக்கு இவ்வேறுபாட்டைப் புலப்படுத்த ஒரு மணித்துளி போதும். தமிழ் இலக்கணம் பயில்வதால் ஆங்கிலம் கெடும் என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றொரு துணையும் உண்டு. மதரசாவில் ஓதத் தொடங்கும் நாளிலேயே அவர்கள் கலிமா ஷஹாதத்தை மனனம் செய்கின்றனர். அதில் சாட்சி கூறுகிறேன் என்னும் பொருளுள்ள வினை முன்னே வருகிறது. அதன்பின் ‘அன்’, ‘அன்ன’ என்னும் இடைச்சொற்கள். அவற்றின்பின் சாட்சியின் உள்ளடக்கம். அரபுமொழியில் பெயர்ச்சொல்லும் இவ்வாறே ‘அன்ன’ என்பதைத் தன்பின் ஏற்கும். அதனையே தமிழில் பொருள் சொல்லும்போது உள்ளடக்கத்தை முன்வைத்து, ‘என்று’ சேர்த்து, சாட்சி கூறுகிறேன் என்பதை இறுதிக்குக் கொண்டுபோகிறோம். ஆறு வயதுக் குழந்தையும் தடுமாறாமல் செய்கின்ற மாற்றம் இது. ஆங்கில வகுப்பில் அதே குழந்தை பெரியவனாகி அஞ்சி நிற்பானேன்? அவனிடம் உள்ளதை அவனுக்கு எடுத்துக்காட்டுவார் இல்லை; அவ்வளவே.

ஹார்ன்பியின் வரலாற்றிற்கு மீள்வோம். 1941 டிசம்பரில் சப்பான் போரில் இறங்கியது. அதுகாறும் ஆசிரியராய் மதிக்கப்பட்டவர் பகைநாட்டுக் குடிமகனாகக் காவலில் வைக்கப்பட்டார். 1942இல் தாயகம் அனுப்பப்பட்டார். அதே ஆண்டில், அதே டோக்கியோவில், கைட்டாகுஷா என்னும் பதிப்பகம் அவர் தொகுத்த அகராதியை வெளியிட்டது. இரு நாடுகளும் கடுஞ்சமர் புரிந்துகொண்டிருந்த காலத்தில், பகைவர் மொழிக்கு, பகைநாட்டார் மூவர் ஆக்கிய அகராதியை ஒரு சப்பானியப் பதிப்பகம் அச்சிட்டு வெளியிட்டது. போர் வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சிக்கு இடம் இராது. கல்வி வரலாறு எழுதுவோர் இதனை விட்டுவிடலாகாது.

தாயகம் சேர்ந்தவர் அங்கே தங்கவில்லை. பிரிட்டிஷ் கவுன்சில் அமைப்பின் பணியில் ஈரான் நாட்டிற்குச் சென்று தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். போர் முடிந்தபின் 1946இல் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய இதழ் ஒன்று இலண்டனில் தோன்றியபோது அதன் முதல் ஆசிரியர் ஆனார். 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் டோக்கியோ அகராதியை மறுபதிப்பாக வெளியிட்டது. 1952இல் மேனிலை மாணவர்க்கான அகராதி என்னும் பொருள்படும் பெயர் அதற்கு ஏற்பட்டது. ஆசியக் கண்டத்தின் ஒரு கோடியில் பிறந்த நூல் அப்பெயரோடு உலகெங்கும் சென்றது. நம் நாட்டிற்கும் வந்தது.

1954ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆங்கில அமைப்புகளும் வழக்கும் பற்றிய வழிகாட்டி நூல், என் கருத்தில், அகராதிக்கு அடுத்தபடியாக மதிக்கத்தக்கது. வினைக்குரிய அமைப்புகளோடு பெயர்க்கும் பெயரடைக்கும் உரிய அமைப்புகளையும் அதில் வகுத்துரைத்தார். எப்பெயருக்குப் பின் ‘டு’ சேர்ந்த வினை வரும், எதன்பின் முன்னிடைச்சொல் வரும், எதன்பின் ‘தட்’ வரும் என்று பிரித்துக் காட்டினார். இப்பிரிவு வெறும் இலக்கண நுணுக்கம் அன்று என்பதற்கு ஒரு சான்று தருவேன்.

கண்ணமங்கலத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த சவ்வாதுமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். அவர்தம் இல்லத்தில் கல்லூரிப் படியை முதன்முதல் மிதித்தவர் அவரே ஆதல் உண்டு. அவர்களுக்கு வாய்ப்பு என்னும் சொல் ஒன்றே. மழை வரும் வாய்ப்பு என்கிறோம்; மேடையில் பேசும் வாய்ப்பு என்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது ‘பாசிபிலிட்டி’, பின்னது ‘ஆப்பர்ச்சுனிட்டி’. இருமொழி அகராதியில் இரண்டிற்கும் எதிரே வாய்ப்பு என்றே எழுதியிருக்கக் காணலாம். மாணவன் ஏதேனும் ஒன்றை எடுக்கிறான். மழை வரும் என்பதற்கு ‘ஆப்பர்ச்சுனிட்டி’ என்று எழுதிப் பின்னே ‘தட்’ சேர்க்கிறான். ‘பாசிபிலிட்டி’ தன்பின் ‘தட்’ ஏற்கும். ‘ஆப்’ என்னும் முன்னிடைச்சொல்லையும் ஏற்கும். ‘ஆப்பர்ச்சுனிட்டி’ உள்ளடக்கம் கூறும் ‘தட்’டை ஏற்காது, ‘டு’ என்பதையும் ‘ஃபார்’ என்பதையும் ஏற்கும். ஏனெனில் முன்னது ஒரு செய்தியின் நிலையைச் சொல்கிறது. நிகழலாம் என்று சொல்லத்தக்க முழுவாக்கியம் ஒன்று அதற்கு வேண்டும். பின்னது ஒருவன் செய்யக்கூடிய செயலைச் சொல்கிறது. அதற்கு வினை ஒன்றே போதும். முயற்சி, வழக்கம் என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர்களும் இவ்வாறே உள்ளடக்கத் ‘தட்’டினை ஏலா. பொருளை நினைந்தால் காரணம் ஓரளவு புலனாகும், முழுவதும் புலனாகாது. எஞ்சியதை வழக்கு நோக்கியே அறியவேண்டும். வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் இத்தகைய பிழை இரண்டு இருப்பின், படிப்பவர் அம்மாணவனுக்கு ஆங்கிலம் வாராது என்று தள்ளிவிடுகிறார். அவன் அறிந்த சொற்கள் ஆயிரம் இருந்தும் பயனில்லாது போகிறது. இழப்பு சிறிதன்று.

ஹார்ன்பியின் காலத்தில் கணிப்பொறி இல்லை. வாசித்தும், கேட்டும், சீட்டுகளில் எழுதித் தொகுத்தும், தம் செவியுணர்வை நம்பியும் செய்த வேலை அது. பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில், உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணிப்பொறியில் திரட்டி ஆராய்ந்து 1987இல் கோபில்டு அகராதி வெளிவந்தது. பெயர், பெயரடை ஆகியவற்றின் அமைப்புகளுக்கென்றே அதே குழுவினரின் தனிநூல் 1998இல் வெளிவந்தது. பெயரின்பின் ‘தட்’ வரும் அமைப்பு அதில் விரிவாக இடம்பெற்றுள்ளது. 1999இல் டக்ளஸ் பைபர் முதலியோர் எழுதிய பேரிலக்கணமும் இவ்வழியில் அமைந்ததே. இவ்வாய்வுகளால் தெளிவான செய்திகள் சில, மாணவர்க்கு நேரே பயன்படுவன. ஒன்று, உள்ளடக்கத் ‘தட்’டினை ஏற்கும் பெயர்கள் பல இருப்பினும் அடிக்கடி வருவன சிலவே, அவற்றுள் முதலிடம் ‘ஃபேக்ட்’ என்னும் பெயருக்கு. மற்றொன்று, வினைக்குப் பின் ‘தட்’ பேச்சில் பெரும்பாலும் தொக்கு நிற்கும். பெயர்க்குப் பின் அவ்வாறு தொகுதல் அரிது. நினைக்கிறேன் என்பதற்குப் பின் அதனை விட்டுவிடலாம். நம்பிக்கை என்னும் பெயருக்குப் பின் விடாதிருத்தலே பாதுகாப்பு.

‘ஃபேக்ட்’ இத்துணை மிகுதியாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்கள் பொதுவாகத் ‘தட்’ கிளைவாக்கியத்தை நேரே ஏற்கமாட்டா. ஆகவே இடையில் ஒரு பாலம் வேண்டியுள்ளது. அப்பாலமாக இப்பெயர் நிற்கிறது. அவ்விடங்களில் அதற்கு உண்மை என்னும் முழுப்பொருள் இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர் பலர் இதனை உணராமல் ஒவ்வோரிடத்தும் ‘என்ற உண்மை’ என்று எழுதிவிடுகின்றனர். அவர் நோயுற்றிருந்தார் என்ற உண்மை இருந்தபோதிலும் என்று செய்தித்தாளில் படிக்கும்போது பல் கூசுகிறது. நோயுற்றிருந்தும் என்றால் போதுமே. ஓர் உம்மை செய்யும் வேலைக்கு ஐந்து சொல்லா? மற்ற இடங்களில் ‘என்பது’ இருக்கிறது. என்பதை, என்பதால், என்பதற்கு என்று அது வேற்றுமையுருபு அனைத்தையும் ஏற்கும். பாலமாகப் பெயர் எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் பெயர் நிற்கும் இடத்தை அறிவது, தமிழில் அதனை எங்கே விடலாம் என்பதையும் உடன் அறிவிக்கிறது.

இன்னொரு தொல்லையும் குறிப்பிடவேண்டும். ஆங்கிலத்தில் பெயர் முன்னே நிற்பதால் பின்வரும் கிளைவாக்கியம் எத்துணை நீண்டாலும் படிப்பவன் அது நம்பிக்கையா, ஐயமா, வதந்தியா என்பதை முன்னரே அறிந்திருக்கிறான். தமிழில் நான்கு வரி சுமந்து சென்றபின்னரே ‘என்ற வதந்தி’ என்று தெரியவருகிறது. அதுவரை அவன் அதனை உண்மை என்றே நம்பிப் படித்திருப்பான். நீண்ட வாக்கியத்தில் இது குற்றம். அத்தகைய இடத்தில் வாக்கியத்தைப் பிரித்து, இவ்வாறொரு வதந்தி எழுந்தது என்று முன்னே கூறிவிட்டு உள்ளடக்கத்தைப் பின்னே தருவதே அழகு. நம் உரையாசிரியர் நடையிலும் இத்தகைய பிரிப்பு உண்டு.

1961இல் ஹார்ன்பி தம் நூல்களால் வந்த வருவாயின் பெரும்பகுதியைக் கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவினார். பிறநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்பயிற்சி பெறுவதற்கு அது உதவி வருகிறது. மாணவர் வாங்கிய அகராதியின் பணம் அம்மாணவரின் ஆசிரியர்க்கே திரும்பச் சென்று சேர வழி செய்தார் என்பது எனக்கு அவர் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. வக்பின் அருமை அறிந்த நம் சமுதாயப் பெரியோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. அகராதியின் இரண்டாம் பதிப்பு 1963இலும், ஏ. பி. கௌவி, ஜே. வின்சர் லூயிஸ் ஆகியோர் துணையோடு மூன்றாம் பதிப்பு 1974இலும் வெளிவந்தன. 1978ஆம் ஆண்டு, தம் எண்பதாம் அகவையில் ஹார்ன்பி காலமானார்.

அவர் இட்ட எண்குறிகள் பின்வந்த பதிப்புகளில் இல்லை. எண்ணைப் பார்த்து, முன்னுரையைப் புரட்டி, அட்டவணையில் தேடும் பொறுமை மாணவர்க்கு இல்லை என்று பதிப்பாசிரியர்கள் கண்டனர் போலும். ஆயினும் அவர் எண்களால் உணர்த்தியதை இன்று சொற்களாலேயே எழுதிக் காட்டுகின்றனர். பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. கைப்பேசியிலும் அவ்வகராதி கிடைக்கிறது. அதில் ‘பாசிபிலிட்டி’ என்னும் சொல்லைத் தேடினால், பொருளையடுத்து அச்சொல்லுக்குப் பின் ‘தட்’ நிற்பதைக் காணலாம். ‘ஆப்பர்ச்சுனிட்டி’ என்னும் சொல்லுக்குப் பின் ‘டு’ நிற்கும், ‘ஃபார்’ நிற்கும், ‘தட்’ இராது.